மொழிக்கு மகுடம், மக்களுக்கு விலங்கு!

‘அறிஞன்’ என்று அடைமொழி சூட்டி, காஸ்தீல் நாட்டை 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்போன்சாவை வரலாறு வாழ்த்துகிறது. வாழ்த்துக்குரியதை வாழ்த்த நாமும் தயங்கோம்!

ஐரோப்பாவின் அறிவுத் துறைகளில் குருமார்களின் இலத்தீன் கோலோச்சிய காலம் அது. அந்நாளில் உழவனும் தச்சனும் பேசிய காஸ்தீலிய மொழியிலே சட்டம் தீட்டச் செய்தான்; ஸ்பெயின் வரலாறு எழுதச் செய்தான்; வானநூல் வடிக்கச் செய்தான். மக்கள் மொழியில் அறிவியல் வளராது என்போர் அன்றே வாயடைத்திருக்க வேண்டும்!

அந்த வானநூற் கணக்குகளை வகுத்தவர் யார்? இயூதா பென் மோசே, ஐசக் இபின் சித் எனும் யூத அறிஞர் இருவர். அவர்தம் இனத்துக்கு அரசன் அளித்த பரிசு என்ன? ‘ஏழு பகுதிகள்’ எனும் அவனது சட்டநூலின் இறுதிப் பகுதியைப் புரட்டுங்கள். யூதர் தலையில் அடையாளக் குறி தரிக்க வேண்டும், தவறினால் தண்டம், தண்டம் கட்ட வழியில்லையேல் 10 கசையடி!

விண்மீன்களை அளக்க அந்தத் தலை வேண்டும். வீதியில் நடக்க அந்தத் தலைக்குக் குறி வேண்டுமாம்! ஏட்டோடு நின்றதா கொடுமை? 1281-இல் யூதர்களைச் சிறைப்பிடித்துப் பெரும்பொருள் பறித்தான். அவன் மாண்ட பின், 1348-இல், அச்சட்டநூலும் நாட்டில் செயலுக்கு வந்தது.

தோழர்களே! இலத்தீனில் எழுதினால் அநீதி, தாய்மொழியில் எழுதினால் நீதி என்றாகுமோ? மொழிக்கு மகுடம் சூட்டியதைப் போற்றுவோம். அம்மொழியாலேயே மாந்தர்க்கு விலங்கு பூட்டிய மதவெறியைத் தூற்றுவோம். மொழியின் விடுதலை மனிதனின் விடுதலையில் முடியட்டும்!