மிச்சமும் பிரசாதமும்

பூவிருந்தவல்லியில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்தவர். அவர் அமுது செய்த மிச்சத்தை உண்ண விரும்பிய ராமானுஜர், அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். ராமானுஜர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். மனைவி தஞ்சமாம்பாளோ குலம் கருதி மீதியை அகற்றி, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். ராமானுஜர் மிக வருந்தினார் என்பது குருபரம்பரை வரலாறு.

உண்டவர்மீது கொண்ட மதிப்பே மிச்சத்தைப் பிரசாதம் ஆக்குகிறது. நம் இல்லங்களில் தாய் அன்றாடம் உண்பதும் மிச்சம்தான். அதில் மதிப்பு எங்கே இருக்கிறது? விடியுமுன் எழுந்து இட்லி வார்த்து, எல்லோருக்கும் டப்பாவில் சாதமும் பொரியலும் கட்டிக் கொடுத்து, ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயிலுக்கு ஓடுகிறாள். இரவில் பிய்ந்த தோசையும் அடியில் தங்கிய குழம்பும் அவளுக்கு. "நீ சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்பாரில்லை. தியாகம் என்று நாம் புகழ்கிறோம். விரும்பி விட்டுக்கொடுப்பது தியாகம்; மிஞ்சினால் மட்டும் உண்பது தியாகமன்று, வழக்கமாகிவிட்ட அநீதி.

பெருமாளுக்கு நிவேதனம் செய்த பின்பே நாம் உண்கிறோம். அந்த மரியாதையில் சிறு பங்கு சமைத்தவளுக்கும் சேரட்டும். இந்த ஞாயிறு முதல் அவளை முதலில் அமர்த்தி, இலை போட்டுப் பரிமாறுங்கள். பிறகு மீந்திருப்பதைப் பிள்ளைகளும் கணவரும் உண்ணலாம். அதுவும் பிரசாதமே.