அரோராவுக்கு நார்வே போறதுக்கு முன்னாடி

2024 மே மாசம் பெரிய சூரியப் புயல் வந்தப்போ, லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்த போட்டோவை நம்மில் பாதிப் பேர் ஸ்டேட்டஸ் வச்சோம். "ஒரு தடவையாவது நார்வே போகணும்டா"ன்னு அதுக்கு கேப்ஷன் வேற. போங்க, தப்பே இல்லை. ஆனா ஈசிஇ படிக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்: முண்டியம்பாக்கத்துக்கு மேல தினமும் என்ன நடக்குதுன்னு தெரியுமா?

துருவ வானத்தில் 100 கிலோமீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் எலெக்ட்ரான்கள் வேகமா ஓடும். அயனிகள் காற்றில் மோதி மோதிப் பின்தங்கிடும். இந்த வேக வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினா பிளாஸ்மா சீரா இருக்காது, ஒரு இடத்தில் அடர்த்தியாவும் பக்கத்திலேயே நீர்த்துப்போயும் அலை அலையா பிரியும். அதில் பட்டுத்தான் ரேடார் சிக்னல் திரும்பி வருது. இதுக்குப் பேர் ஃபார்லி-பூன்மன் நிலையின்மை. வேடிக்கை என்னன்னா, ஃபார்லி 1963-ல் இதைக் கணக்குப் போட்டது துருவத்துக்காக இல்லை. பெருவில், காந்த நடுக்கோட்டு வானத்திலிருந்து வந்த எதிரொலிகளை விளக்கத்தான். அதே காந்த நடுக்கோடு நம்ம தென்கோடி வழியாவும் போகுது. அதே 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பினதுக்கும் அதுதான் காரணம்.

இன்னொரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். இந்தப் பிளாஸ்மா கட்டிகள் பூமியோட காந்தக் கோடுகள் வழியே நீண்டு கிடக்கும். ரேடார் அலை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தா போய்ப் பட்டாத்தான் எதிரொலி. துருவத்தில் கோடுகள் கிட்டத்தட்ட கொடிக்கம்பம் மாதிரி நிக்குது. அதனால சூப்பர்டார்ன் ரேடார்கள் எச்எஃப் அலையைச் சாய்வா அனுப்பி, அயனோஸ்பியரே அதை வளைச்சுக் கொடுக்கும்னு நம்பி இருக்கு. நம்ம ஊரில் கோடுகள் ஏறக்குறைய படுத்துக் கிடக்குது. திருப்பதி பக்கத்தில் கடங்கியில் இருக்கிற எம்எஸ்டி ரேடாரின் கற்றையை உச்சியிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ச்சாலே போதும். 1024 யாகி ஆண்டெனா, 53 மெகாஹெர்ட்ஸ். அலைநீளத்தில் பாதியான சுமார் 2.8 மீட்டர் இடைவெளியில் இருக்கிற கட்டிகள்தான் அதுக்குத் தெரியும். யாகியை ரெண்டு மார்க் கேள்வியா மட்டும் பாத்தவங்களுக்கு இது தகவல்.

ஆனா உண்மையான ஆட்டம் சூரியன் மறைஞ்ச பிறகுதான். மேல் அடுக்கு இன்னும் உயரும்; அடர்த்தியான பிளாஸ்மா மேலேயும் லேசானது கீழேயும் நிக்கும். அந்த நிலை எத்தனை நேரம் தாங்கும்? அடர்த்தி குறைஞ்ச குமிழிகள் பிச்சுக்கிட்டு மேலே ஏறும். அது குறுக்கே வந்தா ஜிபிஎஸ் சிக்னல் மினுக்கும், சில நேரம் அறுந்தே போகும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாசங்களில், அதுவும் சூரியன் உக்கிரமா இருக்கிற வருஷங்களில், இது அதிகம்.

"இதுக்கு எந்த கம்பெனி வரும்?"னு கேப்பீங்க. நேரா எதுவும் வராது, ஒத்துக்கிறேன். ஆனா டாப்ளர், எஃப்எஃப்டி, ஆண்டெனா அர்ரே எல்லாம் கார் ரேடாரிலும் 5ஜியிலும் இருக்கிற அதே சரக்குதான். காசு கொடுத்து வாங்கின ரெடிமேட் ப்ராஜெக்டை வச்சுக்கிட்டு இன்டர்வியூவில் முழிக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

ராக்கெட்டும் வேணாம், ரேடாரும் வேணாம். ஆண்ட்ராய்டு போனில் ஜிஎன்எஸ்எஸ் லாகர் ஆப் போட்டு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரைக்கும் வைங்க. ஒவ்வொரு சாட்டிலைட்டோட சிக்னல் பலமும் பதிவாகும். ஒரு மாசம் எடுத்து, ராத்திரிக்கு ராத்திரி ஒப்பிட்டுப் பாருங்க. போனில் மினுக்கினது எல்லாமே குமிழி ஆகாது. பக்கத்துக் கட்டடத்தில் பட்டு வந்த சிக்னலும் அப்படித்தான் ஆடும். ரெண்டையும் எப்படிப் பிரிப்பீங்கங்கிறதுதான் ப்ராஜெக்டே. ஜூனியர்ஸ், ரிவ்யூ தேதி வர்றதுக்குள்ள ஆரம்பிங்க. செப்டம்பர் காத்துக்கிட்டு இருக்காது.