பழ ஈக்கு இரைப் புட்டி

மழைக்காலக் கொய்யா பறிப்புக்கு வரும் சமயத்தில், "காயில் புழு வைத்துவிட்டது; என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டு வரும் விவசாய அன்பர்கள் பலர். புழுவைக் கண்ட பின் கேட்கும் இக்கேள்விக்கு நல்ல விடை கிடையாது. தாவர நூலார் கொய்யாவைத் தக்காளி, திராட்சை ஆகியவற்றோடு பெர்ரி வகைக் கனிகளில் சேர்ப்பர். அதன் மெல்லிய தோலைத் துளைத்துப் பழ ஈ உள்ளே முட்டையிடுகிறது. சில தினங்களில் புழு பொரித்துச் சதைக்குள் புகுந்துவிடுகிறது. மேலே தெளிக்கும் மருந்து அப்புழுவை எட்டாது. தோலோடு தின்னும் குழந்தையின் வாயையே எட்டும். ஆதலின், ஈ தோட்டத்தில் பெருகத் தொடங்கும் நாளை முன்கூட்டி அறிவதே முதல் வேலை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மணமருந்துப் பொறி இருக்கிறதே என்பர். பீகாரிலுள்ள பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்னும் பூச்சியியல் அறிஞர், சிட்ரொனெல்லா எண்ணெயின் மணம் பழ ஈக்களை இழுப்பதை 1912-ம் ஆண்டிலும், மெத்தில் யூஜினாலின் கவர்ச்சியை 1915-ம் ஆண்டிலும் எழுதினார். இன்றைய பொறிகளுக்கு மூலம் அதுவே. ஊரார் அனைவரும் ஒருசேரக் கட்டினால் அதனால் நன்மையுண்டு. ஆயினும், அதில் விழுபவை பெரும்பாலும் ஆண் ஈக்களே. ஒரு தோட்டக்காரர் பொறி நிறைய ஈ விழுந்ததை மகிழ்ச்சியோடு எனக்குக் காட்டினார். வாலில் ஊசிபோன்ற முட்டையிடும் உறுப்புள்ள பெண் ஈ அவற்றில் ஒன்றுமில்லை. அவர் பறித்த கூடையிலோ பாதிக்கு மேல் சொத்தை.

பெண் ஈயின் வரவை அறிய உணவு இரையே ஏற்றது. கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ உடனே முட்டையிடுவதில்லை. முட்டை முதிர அதற்குப் புரதம் வேண்டும். அந்தப் பசியே நமக்குத் துணை. ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் வெல்லம் கரைத்து, ரொட்டிக்கடை ஈஸ்ட் சிறிது சேர்த்து ஓரிரவு புளிக்க விடுக. பழைய தண்ணீர்ப் புட்டியின் மேற்பாகத்தில் ஈ நுழையுமளவு துளைகளிட்டு, கால் பாகம் ஊற்றி, காய்கள் உள்ள உயரத்தில் கிளை நிழலில் கட்டுக. இதன் வாசனை நெடுந்தூரம் செல்லாது; ஆகையால் தோட்டத்தின் ஓரங்களிலும் நடுவிலுமாகப் பல புட்டிகள் வேண்டும். வாரந்தோறும் இரையை மாற்றுக.

காய் பருக்கும்போதே புட்டி கட்டப்பட வேண்டும். பழுத்த கனியின் மணம் எழுந்தபின் ஈ புட்டியை நாடுவது குறையும். அப்போது புட்டி காலியாயிருப்பதை நம்பி ஏமாறலாகாது. சில காய்களை அறுத்தும் பார்க்க வேண்டும். மேலும், இரைக்கு வீட்டு ஈயும் கொசு போன்ற சிற்றீயும் வரும். மார்பில் மஞ்சள் கோடும், தெளிந்த சிறகின் முன்விளிம்பில் கரும்பட்டையும் உள்ளதையே எண்ணுக.

எண்ணுக என்பதே என் வேண்டுகோள். புட்டியைக் கட்டிவிட்டு மறப்பவர் அதனைக் கட்டாதவரே ஆவர். நாற்றமடிக்கும் புட்டியை வாரந்தோறும் யார் வடிப்பது என்று சலித்துக்கொள்வோர் உளர். நாள் குறித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிக்கும் செலவோடு இச்சிரமத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தேதியும் பெண் ஈக்களின் தொகையும் ஒரு நோட்டில் ஏறட்டும். வாரத்துக்கு வாரம் தொகை உயர்ந்தால், உதிர்ந்த கனிகளை உடனே பொறுக்கி ஆழப் புதைத்து, எஞ்சிய காய்களுக்குப் பை கட்டுக. உயராவிடில் அவ்வாரம் மருந்துக் காசு மிச்சம்.

புட்டி ஈயை ஒழிக்கும் ஆயுதமன்று, தோட்டத்தின் காவற்காரன். அவன் சொல்வதைக் கேட்க ஆளில்லையேல் காவலிருந்தும் பயனில்லை.