வேதாளம் கேட்ட கேள்வி



வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 'அம்புலிமாமா' இதழில் அதை வரைந்த ஓவியர் சங்கர், 1924ல் நம் கொங்கு மண்ணில் பிறந்தவர். அவர் மறைந்த பின், 2021ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேதாளம் சொன்ன கதைகள் 25. ஒவ்வொன்றும் ஒரு புதிர்! 11ம் நூற்றாண்டிலேயே காஷ்மீரத்துச் சோமதேவர் இவற்றை எழுதியிருக்கிறார். ஒரு கதையில், சோற்றில் பிணவாடை வீசுவதாகச் சொன்னான் அண்ணன். விசாரித்தால், சுடுகாட்டை ஒட்டிய வயலில் விளைந்த நெல்! தம்பியோ, ஏழு மெத்தைகளுக்கு அடியில் கிடந்த ஒற்றை முடி உறுத்தித் தூங்காமல் தவித்தான். யார் அதிக நுட்பமானவன்? ஆண்டர்சன் 1835ல் வெளியிட்ட பட்டாணி இளவரசி கதையிலும் இதே சாயல் உண்டு.

மதுக்கரையில் ஆசிரியராக இருந்தபோது, இக்கதையைச் சொல்லி உடனே விடை கேட்டேன். வாய் திறக்காத ஒரு மாணவனை நிற்க வைத்தேன். மறுநாள் அவன் வந்து, ''ராத்திரி பூராம் யோசிச்சேனுங்க சார். தம்பி முதுகுல முடி அழுந்துன தடம் இருந்துச்சுங்களா?'' என்றான். நான் சொல்ல மறந்தது அதைத்தான். அந்தத் தடத்தை வைத்துத்தான் தம்பியே நுட்பமானவன் என்று அரசன் தீர்ப்பளித்தான். வெட்கமாகிவிட்டது எனக்கு.

கடைசிக் கதைக்கு அரசனுக்கே விடை தெரியவில்லை, மௌனமாக நடந்தான். அதனால் மகிழ்ந்த வேதாளம், அவனைக் கொல்லக் காத்திருந்த துறவியின் சூழ்ச்சியைச் சொல்லி உயிரைக் காத்தது.

மர்மக் கதை படிக்கும்போது கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதீர்கள். ஓர் இரவு யோசியுங்கள். பேசாமல் இருக்கும் நண்பனைக் கேலி செய்யாதீர்கள், அவன் யோசித்துக்கொண்டிருக்கலாம்!