பெரிய மெயில்பொக்ஸை மாற்றுவதற்கு முன் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கல்வி நிதியம், பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் என்று ஏதாவதொரு பொறுப்பில் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். கம்பியூட்டர் விடயம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். இது பிள்ளைகளின் காசு சம்பந்தப்பட்டது.

நேற்று இஷாவுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஈமெயில் சேர்வரை மாற்றும் பேச்சு மீண்டும் வந்தது. மேலதிகமாக ஒரு டிஸ்க் வாங்க வேண்டும், பெக்கப் எடுக்க இன்னொன்று வேண்டும் என்று சொன்னேன். ஹாஜியார் ஒருவர் கேட்டார்: "பழையதுல இருந்து எடுத்துப் புதியதுல வெக்கிறதுக்கு என்னத்துக்கு சேர் ரெண்டு மடங்கு இடம்?" சபையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். கேள்வி நியாயமானது. அங்கே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு நிதியத்தில் இதே வேலை நடந்தது. பெயர் வேண்டாம். நானும் அதில் ஓர் உறுப்பினன், ஆகவே பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அவர்களிடம் இருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சேர்வர். புலமைப்பரிசில் விண்ணப்பங்கள் வரும் மெயில்பொக்ஸ் மட்டும் 68 ஜீபீ. பிறப்புச் சான்றிதழ், ஏ/எல் பெறுபேறு, கிராம சேவகர் கடிதம் என்று பத்து வருடமாக ஸ்கேன் பண்ணி அனுப்பியதெல்லாம் அதற்குள்தான். செயலாளர், பொருளாளர், அலுவலகம் ஆகிய சிறிய பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 22 ஜீபீ. புதிய சேர்வரில் 500 ஜீபீ டிஸ்க். 90 ஜீபீயை 500க்குள் வைக்க என்ன கஷ்டம்? வேலையைப் பொறுப்பெடுத்த தம்பியும் அப்படித்தான் கணக்குப் போட்டார். நாங்களும் சரி என்றோம்.

கணக்கில் விடுபட்டது லொக் பைல். எக்ஸ்சேஞ்ச் எந்த மாற்றத்தையும் முதலில் லொக்கில் எழுதிக்கொள்ளும். கடையில் கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் நாட்குறிப்பில் எழுதுவதைப் போல. ஒவ்வொரு லொக் பைலும் 1 எம்பீ. ஒரு மெயில்பொக்ஸைக் கொண்டுவந்து இறக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு கடிதமும் புதிதாக எழுதப்படுகிறது. ஆகவே 68 ஜீபீயை நகர்த்தினால் போய்ச் சேரும் பக்கத்தில் ஏறத்தாழ அதே அளவு லொக்கும் குவியும். அந்த லொக் தானாக அழியாது. முறையாக ஒரு பெக்கப் எடுத்து முடிந்த பிறகுதான் சேர்வரே அதைத் துடைக்கும்.

அங்கே லொக்குக்கென்று வேறாக 80 ஜீபீ ஒதுக்கியிருந்தார்கள். பெக்கப் இன்னும் போடவில்லை. "எல்லாம் முடியட்டும், பிறகு பெக்கப் செட் பண்ணுவோம்" என்பது திட்டம். திங்கட்கிழமை இரவு சிறிய பெட்டிகள் போயின, 22 ஜீபீ. வியாழன் இரவு பெரியதைப் போட்டார்கள். 22உம் 68உம் 90. டிஸ்க் 80. மிச்சத்தை நம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லிவிடும்.

நள்ளிரவு தாண்டி டிஸ்க் நிறைந்தது. லொக் எழுத இடமில்லை என்றால் எக்ஸ்சேஞ்ச் டேட்டாபேஸையே மூடிவிடும். அது செய்தது சரிதான். எழுத முடியாத நிலையில் தொடர்ந்து ஓடினால் சேதம் இன்னும் கூடும். திங்கட்கிழமை வந்த செயலாளர், பொருளாளர் பெட்டிகளும் அதோடு மூடிக்கொண்டன. தம்பி பதற்றத்தில் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. லொக் இருந்த போல்டரைத் திறந்து, ஆயிரக்கணக்கில் கிடந்த பைல்களைத் தெரிவு செய்து அழித்துவிட்டார். இடம் வந்தது. டேட்டாபேஸ் திறக்கவில்லை. அதில் இன்னும் ஏறாத பக்கங்கள் அந்த லொக்கில்தான் இருந்தன. அழிக்காமல் வேறொரு டிஸ்குக்கு நகர்த்தி வைத்திருந்தால் காலையில் மீட்டிருக்கலாம். திருத்தும் கருவியை ஓட விட்டார்கள், அது பாதியில் நின்றுவிட்டது.

எங்களைக் காப்பாற்றியது, அதுவரை நாங்கள் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று. செவ்வாய்க்கிழமை தம்பி என்னிடம் கேட்டிருந்தார்: "சேர், 22 ஜீபீ போயிட்டு, பழைய சேர்வர்ல இடம் கூடணும்தானே? ஒரு ஜீபீ கூடக் கூடல்லயே." கூடாது. மெயில்பொக்ஸ் போய்ச் சேர்ந்தாலும் பழைய பிரதியை எக்ஸ்சேஞ்ச் வழமையாக 30 நாள் மறைவாக வைத்திருக்கும். அதற்குப் பிறகும் டேட்டாபேஸ் பைல் சுருங்காது, உள்ளே வெற்றிடம் மட்டும் உருவாகும். அந்த வெற்றிடத்தில் புதிய கடிதங்கள் வந்து உட்காரும், வெளியே டிஸ்க் அளவு அப்படியே இருக்கும். பைலைச் சுருக்கியே ஆக வேண்டுமென்றால் டேட்டாபேஸை மூடி வைத்து வேலை செய்ய வேண்டும். அதற்கு அந்த டேட்டாபேஸின் அளவைவிடப் பத்து வீதம் கூடுதலான வெற்று இடம் தேவை. இடமில்லாதவனிடம் இடம் கேட்கும் வேலை அது.

அந்த மறைவான பிரதியிலிருந்துதான் செயலாளரின் பெட்டியைத் திங்கட்கிழமை இரவு வரைக்கும் மீட்டோம், அல்ஹம்துலில்லாஹ். இடம் வேண்டுமென்று செவ்வாய்க்கிழமையே அதைத் துடைத்திருந்தால் பத்து வருடமும் போயிருக்கும். புலமைப்பரிசில் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நகர்வு முடியும்வரை மூலப் பெட்டி பழைய இடத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். சேர்வர் மூடிக்கிடந்த நேரத்தில் அனுப்பப்பட்ட கடிதங்களும் பெரும்பாலும் பிறகு வந்து சேர்ந்தன, அனுப்பும் சேர்வர் திரும்பத் திரும்ப முயற்சிக்கும் என்பதால்.

போனது செவ்வாய் முதல் வியாழன் வரை வந்து சேர்ந்திருந்த கடிதங்கள். மூன்றே மூன்று நாள். அதில் ஒன்று, வெளிநாட்டு நன்கொடையாளர் இரண்டாம் தவணைக்காக 11 மாணவர்களின் பெயரை உறுதிப்படுத்தச் சொல்லிப் புதன்கிழமை அனுப்பியது. யாரும் பதில் போடவில்லை. அப்படியொரு கடிதம் வந்ததே எங்களுக்குத் தெரியாது. நான்கு மாதம் காசு வரவில்லை. அதில் ஒரு பிள்ளை நான் படிப்பித்தவள். கெம்பஸ் போர்டிங் காசுக்காகத் தாயின் காப்பை ஈடு வைத்தது பிறகுதான் காதுக்கு வந்தது. அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தம்பியைத்தான் எல்லோரும் ஏசினார்கள். நான் அதை ஏற்கவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தனியாக ஒரு பையனை உட்கார வைத்து, கையில் மேலதிக டிஸ்க் ஒன்றுகூடக் கொடுக்காமல் விட்டது நாங்கள். மண்டபத்துக்கு டைல்ஸ் போட ஒரே கூட்டத்தில் கையெழுத்து விழுகிறது. டிஸ்க் என்றால் மூன்று கோட்டேஷன், இரண்டு கூட்டம், பிறகு "அடுத்த வருஷம் பார்ப்போம்". டைல்ஸ் கண்ணுக்குத் தெரிகிறது, டிஸ்கில் பெயர் பொறிக்க முடியாது. கசப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறியவர்களுக்குத் தெரியும். பழைய வீட்டுச் சாவியை அன்றைக்கே கொடுத்துவிட முடியாது. ஒரு மாதம் இரண்டு வாடகையும் கட்டித்தான் ஆக வேண்டும். மெயில்பொக்ஸும் அப்படித்தான்: பழைய பிரதி, புதிய பிரதி, புதியதன் லொக், அதன் பெக்கப். 68 ஜீபீ என்பது சில கிழமைகளுக்கு 200, 250 ஜீபீ இடத்தைக் கேட்கும். ஹாஜியாரின் கேள்விக்குப் பதில் இதுதான்: இரண்டு மடங்குகூடப் போதாது.

லொக் குவியாமல் சுழற்சி முறையில் பழையதன் மேலேயே எழுத வைக்கும் வசதி ஒன்றும் உண்டு. பெரிய நிறுவனங்களில் நகர்த்தும் நேரத்தில் மட்டும் அதைப் போட்டுவிட்டுப் பிறகு முழு பெக்கப் எடுப்பார்கள். நம்மைப் போன்ற சிறிய இடத்துக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். போட்டவர் நிறுத்த மறந்தால், ஏதாவது நடக்கும்போது கடைசி பெக்கப்புக்குப் பிறகு வந்த எதையும் மீட்க முடியாது. நமக்கு அவசரமும் இல்லை. லொக் டிஸ்கில் பாதியைத் தாண்டாத அளவுக்குப் பெட்டிகளை நகர்த்துவது, அன்றிரவே பெக்கப் எடுப்பது, லொக் துடைக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுவது. ஒரு கிழமை கூடுதலாக எடுக்கட்டும்.

"கிளவுடுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லையே" என்று சில சகோதரர்கள் சொல்கிறார்கள். அங்கேயும் யாரோ ஒருவரின் டிஸ்க்தான். கல்வி நிறுவனங்களுக்கு எல்லையில்லாத இடம் என்றிருந்த கூகுள், 2021இல் அதை மாற்றி நிறுவனம் முழுவதற்கும் 100 டீபீ என்று அறிவித்தது. நம் சொந்த ஜீமெயிலில் 15 ஜீபீ, அதில் ட்ரைவும் போட்டோவும் சேர்த்தி. அதிலிருந்து வேறிடத்துக்கு மாற்றும்போதும் ஒரு பொறி இருக்கிறது: ஒரு கடிதத்துக்கு இரண்டு லேபிள் போட்டிருந்தால் அது இரண்டு போல்டரிலும் இறங்கும், 'ஓல் மெயில்' போல்டரிலும் ஒரு தரம் இறங்கும். 10 ஜீபீ என்று நினைத்தது 20ஐத் தாண்டலாம். கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதா மாதம் டொலரில் கட்டணம் கட்ட முடியுமா என்பதையும் சேர்த்துப் பேசுவோம்.

பெரிய இடங்களுக்கும் இது நடக்கிறது. 2023 ஆகஸ்டில் நம் நாட்டு அரசாங்கக் கிளவுட் மீது ரென்சம்வெயார் தாக்குதல் நடந்தது ஞாபகம் இருக்கும். காரணம் வேறு, டிஸ்க் அல்ல. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்கு பெக்கப் இருக்கவில்லை, அந்தக் காலத்து ஈமெயில்கள் போயின. அங்கே இருந்ததும் எக்ஸ்சேஞ்ச், 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதிய பதிப்புக்கு மாற்றும் திட்டம் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போனது என்றுதான் காரணம் சொன்னார்கள். "அடுத்த வருஷம் பார்ப்போம்" கொழும்பிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்த 68 ஜீபீயில் பாதி அங்கே இருந்திருக்கவே கூடாது. பட்டம் முடித்து வேலைக்குப் போய், கலியாணமும் முடித்த பிள்ளைகளின் அடையாள அட்டைப் பிரதியும் தகப்பனின் வருமானக் கடிதமும் இன்னும் ஏன் நம் பெட்டியில் கிடக்கின்றன? அது அமானிதம். தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பதைத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) சொல்கிறது. நகர்த்துவதற்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கட்டும். ஒரு பெண் ஆசிரியை அதில் கட்டாயம் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் விபரங்கள். ஆனால் அழிக்கும் வேலை பெக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான். அந்த பெக்கப்பையும் நாள் குறித்து வைத்துப் பிறகு அழிக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு கூட்டம். இரண்டு 4 டீபீ டிஸ்குக்கான கோட்டேஷனோடு வருகிறேன், இன்ஷா அல்லாஹ். ஒன்று லொக்குக்கும் புதிய பிரதிக்கும், மற்றது பெக்கப்புக்கு. அதுவரை பழைய சேர்வரில் யாரும் எதையும் அழிக்க வேண்டாம், கரண்ட் பில் கூடுகிறது என்று நிறுத்தவும் வேண்டாம்.