‘எப்ப முடியும்?’ - போடி ரயிலும் சாஃப்ட்வேர் டெட்லைனும்

‘ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம் சார்.’ சென்னை, பெங்களூரு ஐடி அலுவலகங்களில் தினமும் கேட்கும் வாக்கியம் இது. ரெண்டு வாரம் ஆறு வாரமாகும்போது கிளையன்ட்டுக்குக் கோபம் வருகிறது. தாமதத்தால் மட்டும்தானா? இதைப் புரிந்துகொள்ள, சாஃப்ட்வேருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புராஜெக்ட் உதவும்: மதுரை - போடிநாயக்கனூர் ரயில் பாதை.

மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ம் தேதியோடு நின்றது. அகலப்பாதையாக மாற்ற வேண்டிய தூரம் சுமார் 90 கி.மீ. போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல். பன்னிரண்டரை ஆண்டு! ரயில் நின்ற வருஷம் ஒன்றாம் வகுப்பில் படித்த பிள்ளை, பிளஸ் டூவே முடித்துவிட்டது.

ஏன் இவ்வளவு இழுத்தது?

பட்ஜெட்டில் பல ஆண்டுகள் வந்த நிதி சொற்பம். ஆண்டிபட்டி கணவாயில் பாறையை உடைக்க வேண்டியிருந்தது. தண்டவாளம் போடும் வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இதெல்லாம் அதில் வராது. ஐடியிலும் அப்படித்தான். கோட் எழுதும் நேரம் தெரியும். இன்னொரு டீம் தரவேண்டிய ஏபிஐ, செக்யூரிட்டி அனுமதி, பாதியில் மாறும் தேவைகள் எஸ்டிமேட்டில் இருக்காது.

இந்த நம்பிக்கைக் கோளாறை உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-லேயே விளக்கினார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியம். ஆய்வேடு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். உண்மையில் ஆனது சுமார் 56 நாள். ‘வொர்ஸ்ட் கேஸ்’ என்று நாம் சொல்வதும் ஆசைதான்.

‘முடிஞ்சிடுச்சு’ன்னா என்ன?

நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில்தான். மதுரை - உசிலம்பட்டி இடையே 2020 ஜனவரியில் சோதனை ஓட்டம் நடந்தது. பயணிகள் ஏறியதோ, தேனி வரை பாதை தயாரான பிறகு, 2022 மே மாதம். தேனி - போடி வெறும் 15 கி.மீ. 2022 டிசம்பரில் இன்ஜின் ஓடிப் பார்த்தாயிற்று. பயணிகள் ரயில் வர மேலும் ஆறு மாதம். இன்ஜினியருக்கு வேலை முடிந்தது. பஸ்ஸில் நின்றபடி மதுரை போகிறவருக்கு எதுவுமே மாறவில்லை.

டெவலப்பர் ‘டன்’ என்பதும், கிளையன்ட் அதைக் கேட்பதும் இதே கதை. டெஸ்டிங், ஆடிட், ரிலீஸ் எல்லாம் தாண்டி ஆள் பயன்படுத்தும் நாள் எது? சொல்ல வேண்டிய தேதி அது.

தேதியைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. வருமான வரித் துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7-ல் திறக்கப்பட்டது. கோளாறுகள் ஓயவில்லை. ஆகஸ்ட்டில் அதை உருவாக்கிய இன்ஃபோசிஸின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சகம் அழைத்து, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யக் கெடு விதித்தது. தனிநபர் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதி டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது.

மலையில் எப்படிக் கணக்குச் சொல்கிறார்கள்?

போடிக்கு மேலே ஏலமலைச் சரிவுகளில் செடி வைத்தால் காய்க்கவே சுமார் மூன்று ஆண்டு. காயும் ஒரே நேரத்தில் வராது; எடுப்பு எடுப்பாக வரும். பச்சைக்காய் ஐந்து கிலோ காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. மழை ஏமாற்றினால் கணக்கே மாறும். வருஷத்துக்கு இத்தனை மூட்டை என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. ஸ்பைசஸ் போர்டின் இ-ஏலத்தில் போடியில் விலை பேசப்படுவது செடியில் நிற்கும் காய்க்கு அல்ல, காய்ந்து மூட்டையில் வந்த சரக்குக்கு. மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரி விலை கேட்கிறார்.

சின்னச் சின்ன ரிலீஸாகக் கொடுக்கும் டீம் செய்வதும் இதைத்தான். முதல் ‘எடுப்பு’ கிளையன்ட் கைக்குப் போனபின், அடுத்ததற்கு ‘மூணு வாரத்திலிருந்து அஞ்சு வாரம்’ என்று இடைவெளியோடு சொன்னாலும் அவர் முகம் சுளிப்பதில்லை. அஞ்சு தாண்டும் என்று தெரிந்த அன்றே ஒரு போன் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. பல டீம்கள் அந்த போனை டெட்லைனுக்கு முந்தின இரவு வரை தள்ளிப்போடுகின்றன.