தடையா, காவலா?

குருதியிலிருந்து மூளையைக் காக்கும் அமைப்பைத் தமிழில் எழுதுவோர் பலரும் ‘தடை’ என வழங்குகின்றனர். அச்சொல் எமக்கு உவப்பன்று. தடை என்றால் எதனையும் விடாத மதிலென்றே மாணாக்கன் கொள்வான். மூளைக்கு வேண்டிய குளுக்கோசோ அவ்வழியேதான் செல்கிறது. எம் ஊர்காவற்றுறையின் பெயரிலேயே காவல் உண்டு. துறையை எவரும் மதிலால் அடைப்பதில்லை, வருவதை ஆராய்ந்தே விடுவர்.

கருவில் இக்காவல் தோன்றும் வகையும் எம் கட்சிக்கே துணை. வளரும் மூளைக்குள் குருதி நுண்குழாய்கள் புறத்தேயிருந்து நுழைகின்றன. நுழையுங்கால் காவலை அறியா. மூளையின் இளங்கலங்கள் சுரக்கும் ‘விண்ட்’ என்னும் புரதங்களே அவற்றைப் பழக்குகின்றன. பின்னர்க் குழாய்ச் சுவரின் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைகின்றன. குழாயைப் புறத்தே தழுவி நிற்கும் கலங்களும் உதவுகின்றன.

1981ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட், வைலி என்னும் ஆய்வாளர் இருவர் காடைக்கருவின் மூளைத்துண்டைக் கோழிக்கருவின் வயிற்றுக்குழியில் வைத்தனர். அதனுட் புகுந்த வயிற்றுக் குழாய்களும் மூளைக்குழாய்களின் இயல்பை எய்தின! மூளையிலிருந்து வேற்றிழையத்துட் சென்ற குழாய்களோ அதனைப் பெற்றில. மூளை தன் காவலரைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மேனாட்டு மருத்துவத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழிற் கற்பித்தார் கிறீன் வைத்தியர். அவர் வழிவந்த நாம் இதனைக் ‘குருதிமூளைக் காவல்’ என்றெழுதினால் என்ன?